கவச எஃகும் பற்றவைப்பும்

நமது பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. அந்நகரைச் சேர்ந்த பாரத் ஃபோர்ஜ் நிறுவனத்திடமிருந்து, கண்ணிவெடியைத் தாங்கவல்ல கல்யாணி எம்-4 ஊர்திகளை ஏறத்தாழ 178 கோடி ரூபாய்க்கு வாங்கப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தது. கவச ஊர்தியின் வலிமை முற்றிலும் தகட்டைப் பொறுத்ததென்றே பலரும் எண்ணுவர். ஆனால், தகடுகளை இணைக்கும் பற்றவைப்பும் அதே அளவு முக்கியமானது.

கவச எஃகை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி விரைவாகக் குளிர்விப்பார்கள். அப்போது மார்ட்டென்சைட் எனும் மிகக் கடினமான உள்ளமைப்பு உருவாகிறது. பின்னர் மிதமாகச் சூடாக்கி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பார்கள். மிகு கடினத் தகடுகளின் கடினம் 500 பிரினெல் அளவில் இருக்கும்.

பற்றவைக்கும்போது எஃகு 1,500 டிகிரியளவில் உருகுகிறது. இணைப்பை ஒட்டிய பகுதி மீண்டும் சூடேறி, சுற்றியுள்ள குளிர்ந்த தகட்டினால் திடீரெனக் குளிர்ந்து, நொறுங்கும் தன்மையை அடைகிறது. சற்றுத் தள்ளியுள்ள பகுதியோ அளவுக்கு மீறிச் சூடேறி மென்மையாகிவிடுகிறது. குண்டு துளைப்பதற்கு அப்பகுதி எளிதில் இடங்கொடுக்கும். எனவே, மென்மையடைதல் இணைப்பின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 16 மில்லிமீட்டருக்கு அப்பால் பரவலாகாது என அமெரிக்க இராணுவ விதிமுறை வரையறுத்துள்ளது.

மற்றோர் ஆபத்து ஹைட்ரஜன். பற்றவைப்புக் குச்சியின் மேற்பூச்சிலுள்ள ஈரம் மின்வில்லின் வெப்பத்தில் சிதைந்து, ஹைட்ரஜன் எஃகினுள் புகுகிறது. இதனால் தோன்றும் விரிசல் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்தே, சில சமயம் இரண்டு நாட்களுக்குப் பின்னரே, வெளிப்படும்.

குச்சிகளை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்துதல், தகட்டை அளவோடு முன்சூடேற்றுதல் ஆகியவை இதற்கான தடுப்பு முறைகள். ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகுக் குச்சிகள் ஹைட்ரஜனைத் தம்முள் அடக்கிக்கொள்ளும். ஆயினும் நிக்கல் கலப்பால் அவற்றின் விலை அதிகம். சிக்கனமான குறை ஹைட்ரஜன் ஃபெர்ரைட் குச்சிகளை இவற்றோடு ஒப்பிட்டு, அண்ணாமலைப் பல்கலைக் கழகமும் ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் ஆராய்ந்துள்ளன.

தகட்டின் விலையோடு ஒப்பிட்டால், உலர்த்தும் அடுப்பும் 48 மணி நேரக் காத்திருப்பும் சிறு செலவே. உற்பத்திக் கால அட்டவணை வகுக்கும் அதிகாரிகள் அந்த இரண்டு நாட்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விரைவு கருதி அவற்றைக் குறைத்தால், அதன் விளைவை ஊர்தியினுள் அமர்ந்திருக்கும் வீரரே ஏற்க நேரிடும்.