சிரிக்க வைத்த விடியோ, சாட்சியான கதை

புது தில்லி: வேட்டியை மடித்துக் கட்டிய உறுப்பினர் ஒருவர் மேஜைகள் மீது நடந்து செல்கிறார். பேரவைத் தலைவரின் நாற்காலி மேடையிலிருந்து தூக்கி எறியப்படுகிறது. இந்த அமளிக்கு நடுவே, பாதுகாவலர்கள் சூழ்ந்து நிற்க, நிதியமைச்சர் பட்ஜெட் உரையைச் சில நிமிடங்களில் முடித்துக் கொள்கிறார். ஆளும் கட்சியினர் லட்டு வழங்கி மகிழ்கின்றனர்.

திருவனந்தபுரத்தில் உள்ள கேரள சட்டப் பேரவையில் 2015 மார்ச் 13-ஆம் தேதி பதிவான இக்காட்சிகள் அன்றே தொலைக்காட்சிகளில் ஓடின. திரைப்பட நகைச்சுவை வசனங்கள் ஒட்டப்பட்டு, அவை செல்லிடப்பேசிகளிலும் வலம் வந்தன. மலையாளிகள் பகிர்ந்து சிரித்தனர், தமிழர்களும் சிரித்தனர். ஆனால், அந்த வேடிக்கை விடியோவே பிற்காலத்தில் உச்ச நீதிமன்றம் வரை செல்லும் வழக்கின் முக்கியச் சாட்சியாகும் என்பதை அன்று பலர் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ரூ. 2,20,093 இழப்பு

மூடப்பட்ட மதுக்கூடங்களை மீண்டும் திறக்க நிதியமைச்சர் கே.எம். மாணி லஞ்சம் பெற்றார் என்பது அன்றைய எதிர்க்கட்சியான இடதுசாரி ஜனநாயக முன்னணியின் குற்றச்சாட்டு. அதை மாணி மறுத்தார். அவரை பட்ஜெட் தாக்கல் செய்ய விடமாட்டோம் என்று கூறி எதிர்க்கட்சியினர் பேரவைத் தலைவரின் மேடையில் ஏறினர். அப்போது தலைவராக இருந்த என். சக்தன் பொறுப்பேற்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

நாற்காலி, கணினி, ஒலிவாங்கி உள்ளிட்ட பொருள்கள் சேதமடைந்ததில் ரூ. 2,20,093 இழப்பு ஏற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. பேரவைச் செயலகத்தின் புகாரின் பேரில் மியூசியம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. வி. சிவன்குட்டி, இ.பி. ஜெயராஜன், கே.டி. ஜலீல் உள்பட ஆறு பேர் குற்றம்சாட்டப்பட்டனர்.

2016-இல் ஆட்சி மாறியது. எதிர்க்கட்சி ஆளும் கட்சியானது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஜெயராஜனும் ஜலீலும் அமைச்சர்களாயினர். 2018-இல் வழக்கைத் திரும்பப் பெற அரசுத் தரப்பு மனு செய்தது. திருவனந்தபுரம் தலைமை நீதித்துறை நடுவர் 2020 செப்டம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சிலும் அதை நிராகரித்தன. விவகாரம் தில்லிக்கு வந்தது.

அவையின் காட்சி யாருக்குச் சொந்தம்?

உச்ச நீதிமன்றத்தில் எழுந்த வாதங்களில் ஒன்று அந்த விடியோவைப் பற்றியது. பேரவைத் தலைவரின் அனுமதியின்றிப் பெறப்பட்ட ஒளிப்பதிவைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது. அவைக்குள் நடந்தவை அரசியலமைப்புச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு தரும் சிறப்புரிமைக்குள் அடங்கும் என்று வாதிடப்பட்டது.

நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு 2021 ஜூலை 28-ஆம் தேதி அதை ஏற்க மறுத்தது. சிறப்புரிமை என்பது உறுப்பினர்கள் அச்சமின்றிப் பேசுவதற்கே. பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவது அவைப் பணியாகாது. நாட்டின் பொதுவான சட்டத்திலிருந்து தப்பிக்கும் வாயிலாக அதைப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு இரு மாதங்கள் முன்புதான் சிவன்குட்டி மாநிலக் கல்வி அமைச்சராகியிருந்தார். 2022 செப்டம்பரில் குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டபோது, குற்றம்சாட்டப்பட்டவர்கள் அவற்றை மறுத்தனர்.

விடியோ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் அறியும். 1989 மார்ச் 25-ஆம் தேதி, அதுவும் பட்ஜெட் நாளில், தமிழகப் பேரவையில் நடந்த மோதல் குறித்து இரு கழகங்களும் இன்றுவரை இரு வேறு கதைகளைச் சொல்கின்றன. 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பின்போது நேரலை இல்லை. தன் சட்டை கிழிக்கப்பட்டதாகப் பேரவைத் தலைவர் ப. தனபால் கூறினார், கிழிந்த சட்டையுடன் எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலின் வெளியே வந்தார். யார் சொல்வது உண்மை என்பதை வாக்காளர் தன் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வழியில்லாமல் போனது.

பகிர்பவருக்குச் சிறையா?

அவைக் காட்சியை மறைக்க முடியாவிட்டாலும், பகிர்பவரை அச்சுறுத்த முடியும். கேரளப் பேரவை அமளி நடந்து 11-ஆவது நாளில், அதாவது 2015 மார்ச் 24-ஆம் தேதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறருக்கு எரிச்சலூட்டும் தகவலை அனுப்பினாலே மூன்றாண்டு வரை சிறை என்றது அப்பிரிவு. அதே தீர்ப்பில் கேரள காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் ரத்தானது.

ஆயினும், 2020 நவம்பரில் 118ஏ என்ற புதிய பிரிவுக்கான அவசரச் சட்டத்தைக் கேரள அரசு கொண்டு வந்தது. எந்தத் தகவல் தொடர்புச் சாதனம் வழியாகவும் ஒருவரை இழிவுபடுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ரூ. 10,000 வரை அபராதம் என்றது அது. பெண்களுக்கு எதிரான இணைய வசைகளைத் தடுப்பதே நோக்கம் என அரசு விளக்கியது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் வாசகம் பரந்து விரிந்திருந்தது. அமைச்சரைக் கேலி செய்யும் விடியோவும் அதில் சிக்கியிருக்கும். கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியதால், ஆளுநர் கையெழுத்திட்ட இரு நாள்களில் முதல்வர் பினராயி விஜயன் பின்வாங்கினார்.

இத்தனைக்கும் வேடிக்கை விடியோவின் பயனை அந்த அரசும் அறிந்திருந்தது. கரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில், சீருடையில் நடனமாடி கை கழுவும் முறையைக் கேரள காவல் துறையினர் காட்டிய விடியோ உலகெங்கும் பகிரப்பட்டது. 2021 ஜூலையில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குச் சில நாள்கள் முன்னதாக, திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு அருகிலுள்ள செங்கல்சூளை ராஜாஜி நகர் குடியிருப்பு இளைஞர்கள் 'அயன்' படப் பாடல் காட்சியைச் செல்லிடப்பேசியிலேயே மறு ஆக்கம் செய்தனர். நடிகர் சூர்யாவே பாராட்டினார். குற்றச் செய்திகளில் மட்டுமே அடிபட்டு வந்த குடியிருப்பின் பெயர், முதன்முறையாகத் திறமைக்காகப் பேசப்பட்டது.

பகிர்வோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பேரவை விடியோவின் துண்டுகளில் நாற்காலி விழுவது தெரியும். லஞ்சக் குற்றச்சாட்டு தெரியாது. இழப்புத் தொகையும் தெரியாது. தேதியும் காரணமும் நீக்கப்பட்ட விடியோ வெறும் கேலியாகிறது. அவற்றுடன் செல்லும்போது அது ஆவணமாகிறது. அவையில் உடைந்த நாற்காலிக்கும் கணினிக்கும் விலை கொடுத்தது, அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்த அதே மக்களின் வரிப்பணம்தான்.