வலென்சியா நகர வாழ்க்கை

ஓர் ஊரைக் காணச் செல்வது வேறு. அவ்வூரில் வாழச் செல்வது வேறு. காணச் செல்வோர் மாடமாளிகைகளையும் கடற்கரையையும் கண்டு களித்துச் சில நாளில் மீள்வர். வாழச் செல்வோரோ, அவ்வூரார் உண்ணும் வேளையில் உண்டு, அவர் பேசும் மொழியைப் பழகி, அவர்தம் இன்பத்திலும் துன்பத்திலும் பங்கு கொள்ளுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும் ஊர்களுள் ஒன்று, ஸ்பெயின் நாட்டின் கீழைக் கடற்கரையில், மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்துள்ள வலென்சியா நகரமாகும். அங்கே ஆண்டில் ஏறத்தாழ 300 நாள்கள் கதிரவன் ஒளி வீசுகிறான். குளிர்காலமும் கடுமையற்றது. ஆதலின், மேகம் மூடிய வட ஐரோப்பிய நாடுகளிலிருந்தும், கடல் கடந்த தென் அமெரிக்க நாடுகளிலிருந்தும் மக்கள் பலர் அங்கே குடியேறுகின்றனர். வடவரை அங்கே அழைப்பது பெரும்பாலும் வெயில். தென் அமெரிக்கரை அழைப்பது வேலையும் மொழியும். ஆயின், வந்தோரை அவ்வூராராக ஆக்குவது எது?

வலென்சியா, வந்தேறியோரால் உருவான நகரமேயாகும். கி.மு. 138-ஆம் ஆண்டில், போர்ப்பணி முடித்த வீரர்களுக்கு நிலம் அளித்து உரோமர் அந்நகரை நிறுவினர். கி.பி. எட்டாம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் அதனைக் கைக்கொண்டனர். பின்னர் 1238-ஆம் ஆண்டில் அரகோன் நாட்டு மன்னர் முதலாம் ஜவுமே அதனை வென்றார். வந்தவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றை விட்டுச் சென்றனர். இன்று மத்ரீத், பார்சிலோனா என்னும் நகரங்களுக்கு அடுத்து ஸ்பெயினின் மூன்றாம் பெருநகராக விளங்கும் அதில் சுமார் எட்டு லட்சம் மக்கள் வாழ்கின்றனர்.

குடியேறுவோரின் முதற்கடமை, நகராட்சி மன்றத்தின் குடிப்பதிவேட்டில் தம் பெயரைப் பதிவு செய்வதாகும். அயல்நாட்டவராயின் அரசு வழங்கும் அடையாள எண்ணும் பெறுதல் வேண்டும். வாடகை ஒப்பந்தம் முதலிய சான்றுகளைக் காட்டிப் பதிந்த பின்னரே, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பதும், அப்பகுதியிலுள்ள மருத்துவ நிலையத்தில் இடம் பெறுவதும் எளிதாகும். இதற்கெனப் பலநாள் வரிசையில் நிற்க நேரினும், அதனால் மனம் சோர்தல் கூடாது. இன்னார் இன்ன தெருவில் வாழ்கின்றார் என்று நகரம் அறிந்துகொள்ளும் நாள் அதுவேயன்றோ?

அடுத்து, புதியவரைத் திகைக்கச் செய்வது அவ்வூரார் காலத்தைக் கொள்ளும் முறை. காலையில் சிறிதளவே உண்கின்றனர். பத்து மணி அளவில், நீண்ட ரொட்டியின் நடுவே கறியோ முட்டையோ வைத்து, வேர்க்கடலையும் ஊறவைத்த ஒலிவக் காய்களும் துணையாக, நண்பருடன் கூடி உண்பர். பகலுணவு இரண்டு அல்லது மூன்று மணிக்கு. இரவுணவு ஒன்பது அல்லது பத்து மணிக்கு. பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை சிறு கடைகள் பல அடைபட்டிருக்கும். இதனைக் கண்ட வடநாட்டார், இம்மக்கள் சோம்பர் போலும் என்று கருதுவதுண்டு. அது தவறு.

இவ்வழக்கத்திற்குக் காரணம் ஒன்று உளது. வலென்சியா, கிரீனிச் நெடுங்கோட்டிற்குச் சற்று மேற்கே உள்ளது. எனினும் 1940-ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசு தன் கடிகாரங்களை ஒரு மணி முன்னே நகர்த்தி, நடு ஐரோப்பிய நாடுகளின் நேரத்தை மேற்கொண்டது. அந்த நேரமே இன்றும் வழங்குகிறது. கோடையில் மேலும் ஒரு மணி கூட்டப்படுகிறது. ஆகவே, கோடையில் கடிகாரம் இரண்டு காட்டும்பொழுதுதான் கதிரவன் உச்சிக்கு வருகிறான். கடிகாரத்தின்படி காலந் தாழ்ந்து உண்பதாகத் தோன்றுவோர், கதிரவன்படி நண்பகலிலேயே உண்கின்றனர்! சூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணி அளவிலேதான் பொழுது சாயும். வெப்பம் தணிந்த அவ்வேளையில் சிறுவர் தெருவெளியில் விளையாட, முதியோர் இருக்கைகளில் அமர்ந்து உரையாடுவர். ஒரு வழக்கத்தைப் பழிக்குமுன் அதன் காரணத்தை ஆராய்தல் அறிவுடைமை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வீடுகளும் வெயிலைக் கருதியே அமைக்கப்பட்டுள்ளன. சாளரங்களுக்கு வெளியே, சுருட்டி ஏற்றவும் இறக்கவும் தக்க தட்டிகள் உண்டு. வெயிலை நாடி வந்தவர் முதலில் அவற்றைத் திறந்தே வைப்பர். முதற்கோடையிலேயே பாடம் கற்பர். காலையிலும் இரவிலும் திறந்து காற்றை உள்ளே விடுதலும், பகலில் இறக்கி வெப்பத்தைத் தடுத்தலும் அவ்வூரார் கண்ட முறை. ஆயின், வெப்பத்தைத் தடுக்கக் கட்டிய வீடு குளிரைத் தாங்குவதில்லை. பழைய வீடுகள் பலவற்றில் வெப்பமூட்டும் கருவிகள் இல்லை. தளமோ ஓடு பதித்தது. ஆதலின், சனவரித் திங்களில் தெருவில் இளவெயில் காய, வீட்டினுள் கம்பளி போர்த்தியிருக்க நேரும்.

பொருள் வாங்கச் செல்லும் இடமும் ஒரு பள்ளிக்கூடமே. நகரின் நடுவே, 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மையச் சந்தை உள்ளது. இரும்பாலும் கண்ணாடியாலும் வண்ண ஓடுகளாலும் அமைந்த அதன் குவிமாடங்களின் கீழே மீன், காய், கனி, இறைச்சி, ஒலிவ எண்ணெய் முதலியன தனித்தனிக் கடைகளில் விற்கப்படுகின்றன. கடைமுன் மக்கள் ஒழுங்கற்று நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அங்கே கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்று உண்டு. புதிதாக வருபவர், “கடைசியாக வந்தவர் யார்?” என்று வினவுவர், ஒருவர், “நான்” என்பார். அவருக்குப் பின் தம் முறை என்பதை அறிந்து, வந்தவர் விரும்பிய இடத்தில் நிற்கலாம். இவ்வினாவைக் கேளாது முன்னே சென்று கைநீட்டுபவர் எத்துணைப் பொருள் உடையவராயினும் அயலாராகவே கருதப்படுவர்.

அந்நகரத்தார் உணவுள் சிறந்தது பயேயா என்னும் அரிசி உணவு. பயேயா என்பது முதலில் அகன்ற, ஆழமற்ற வாணலியின் பெயர். பின்னர் அதில் சமைத்த உணவிற்கு ஆயிற்று. நகருக்குத் தெற்கே உள்ள அல்புஃபேரா என்னும் ஏரியைச் சூழ்ந்து நெல்வயல்கள் பரந்துள்ளன. அங்கு விளையும் குறுமணி அரிசியுடன் கோழி, முயல் ஆகியவற்றின் இறைச்சியும், அவரை வகைகளும், தக்காளியும், குங்குமப்பூவும், ஒலிவ எண்ணெயும் சேர்த்து விறகுத் தீயில் சமைப்பது பழைய மரபு. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் குடும்பத்தார் அனைவரும் வாணலியைச் சூழ்ந்து அமர்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து கரண்டியால் எடுத்து உண்பதும் உண்டு. பிறர் பக்கத்தில் கரண்டி செல்லுதல் கூடாது. அந்த வட்டத்தில் அமர அழைக்கப்பெற்ற புதியவர், அவ்வீட்டாரின் நட்பைப் பெற்றார் எனலாம்.

மொழியைப் பொறுத்தவரை, அங்கே ஸ்பானிய மொழியும் வலென்சிய மொழியும் 1982-ஆம் ஆண்டு முதல் ஆட்சி மொழிகளாக உள்ளன. வலென்சிய மொழி, கட்டலான் மொழியின் ஒரு வழக்கு. ஸ்பானியம் ஒன்றே தெரியினும் நகரில் காலந் தள்ளலாம். ஆயின், தெருப்பெயர்களிலும் பள்ளிப் பாடங்களிலும் வலென்சியம் வழங்குகிறது. காலையில் கடைக்காரரிடம், “பொன் தியா” என்று அவர்தம் மொழியில் வணக்கம் கூறுபவரைக் கண்டால், அவர் முகம் மலர்கிறது. நூறு சொற்களையேனும் கற்றவர்க்கு நூறு கதவுகள் திறக்கும்.

மக்கள் பெரும்பாலும் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் பல பகுதிகளுக்கும் உரியோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூடி, படிக்கட்டு, கூரை, மின்தூக்கி முதலிய பொதுப் பொருள்களைப் பற்றி முடிவு செய்தல் வேண்டும். அவர்களுள் ஒருவர் தலைவராவார். பல இடங்களில் இப்பொறுப்பு முறைவைத்து ஒவ்வொருவரிடமும் வருகிறது. மழைநீர் ஒழுகும் கூரையைச் செப்பனிட அண்டை வீட்டாரிடம் பணம் திரட்டியவரே ஊர்ப்பணியின் அருமையை உணர்வர்.

இங்ஙனம் முறையறிந்து வாழும் பண்பு அந்நகரில் எங்கிருந்து தோன்றியது? இதற்கு விடை, வெயிலில் இல்லை, நீரில் உள்ளது. வலென்சியாவில் மழை குறைவு. அதுவும் இலையுதிர் காலத்திலேயே மிகுதியாகப் பெய்யும். தூரியா ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் வெட்டி, நீரைப் பங்கிட்டதனாலேயே நகரைச் சூழ்ந்த தோட்டவெளி செழித்தது. வாய்க்காலைக் குறிக்கும் ‘அசேக்கியா’ என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. நீர் குறைந்த காலத்தில் ஒருவர் தம் முறை தவறி மடையைத் திறந்தால், மற்றொருவரின் பயிர் வாடும். அத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கு அமைந்ததே நீர் மன்றம்.

வியாழக்கிழமைதோறும் நண்பகல் மணி ஒலித்ததும், பெருங்கோவிலின் திருத்தூதர் வாயிலின் முன் எட்டு நடுவர்கள் கறுப்பு மேலாடை அணிந்து வட்டமாக அமர்வர். அவர்கள் சட்டம் பயின்றவரல்லர்; உழவர்கள்; உழவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பெற்றவர்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரும் கூறி அழைக்கப்படும். முறையிடுவோரும் மறுப்போரும் வாய்மொழியாகவே வலென்சிய மொழியில் பேசுவர். வழக்குரைஞர் இல்லை. குற்றஞ் சாட்டப்பெற்றவர் எந்த வாய்க்காலைச் சேர்ந்தவரோ, அவ்வாய்க்காலின் நடுவர் தீர்ப்புக் கூறுவதில் பங்கு கொள்ளார். தீர்ப்பு அன்றே கூறப்படும். அதற்கு மேல்முறையீடு இல்லை. பல நூற்றாண்டுகளாக நடைபெறும் இம்மன்றத்தை 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இன்று பல வாரங்களில் வழக்கே இருப்பதில்லை. எனினும் நடுவர்கள் வந்து அமர்ந்து, வழக்கு இன்மையை அறிந்து எழுந்து செல்வர். முறை மறக்கப்படாமைக்கு அதுவே காவல்.

நீர் வாழ்வளிப்பது போலவே அழிவையும் தரும். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் தூரியா பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர், நகருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டி ஆறு திருப்பி விடப்பட்டது. வற்றிய பழைய ஆற்றுப்படுகையில் விரைவுச் சாலை அமைக்க ஆட்சியாளர் எண்ணினர். மக்களோ, அது தங்களுக்குரியது, பசுமையாதல் வேண்டும் என்று கிளர்ந்தனர். 1976-ஆம் ஆண்டில் அந்நிலம் நகருக்கு வழங்கப்பட்டது. இன்று அது சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள பூங்காவாகத் திகழ்கிறது. பழைய பாலங்களின் கீழே, நீர் ஓடிய இடத்தில், இப்பொழுது சிறுவர் ஓடி விளையாடுகின்றனர்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மீண்டும் பெருமழை பெய்தது. புதிய கால்வாய் நகரின் நடுப்பகுதியைக் காத்தது. ஆயின், அதற்குத் தெற்கேயுள்ள பைபோர்த்தா முதலிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது. வலென்சியா மாநிலத்தில் 220-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த நாள்களில் நகர மக்கள் ஆயிரக்கணக்கில் மண்வாரியும் துடைப்பமும் குடிநீரும் ஏந்தி, கால்வாயின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து சென்று, முன்பின் அறியாதவர்களின் வீடுகளிலிருந்து சேற்றை வாரிக் கொட்டினர். அங்கே பிறந்தோரும் குடியேறியோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். சேறு படிந்த பின் அவர்களிடையே வேற்றுமை காண இயலவில்லை. அப்பாலம் இன்று ‘ஒருமைப்பாட்டுப் பாலம்’ என வழங்குகிறது.

வெயிலை மட்டும் நாடி வருவோரால் நகருக்கு இடரும் உண்டு. வீடுகள் பல, சுற்றுலாப் பயணியர்க்குச் சில நாள் தங்குமிடங்களாக மாறியதாலும், மிகுபொருள் உடையோர் வந்து குவிந்ததாலும் வாடகை உயர்ந்துள்ளது. அவ்வூரிலேயே பிறந்த இளைஞர், தாம் வளர்ந்த தெருவில் வீடு பெற முடியாது வருந்துகின்றனர். குடியேறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாய்க்கால் நீர் போன்றதே ஊரும். ஒருவர் மிகுதியாகக் கொண்டால் மற்றொருவர்க்குக் குறையும்.

வெயில் எல்லார்க்கும் பொது. அதனைப் பெற எவரும் உழைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஓர் ஊரின் உறவு அத்தகையதன்று. சந்தையில் தம் முறைக்குக் காத்திருந்தும், அண்டை வீட்டாருடன் பொறுப்பைப் பகிர்ந்தும், இடுக்கண் வந்துழி மண்வாரியைக் கையில் எடுத்தும் சிறிது சிறிதாகப் பெறுவது அது. அங்ஙனம் பெற்றவர் ஒருநாள் சந்தையில் நிற்பார், பின்னே வந்த புதியவர் ஒருவர், “கடைசியாக வந்தவர் யார்?” என்று வினவுவார். “நான்” என்று தயங்காது விடையிறுக்கும் அவர், தம்மையறியாமலே அவ்வூராராகிவிட்டிருப்பார்.