தம்பி பி.எஸ்சி. படிச்சுக்கிட்டே நீட் எழுதுறானா? பணம் கட்டுற அக்கா, அண்ணன்களுக்கு ஒரு கணக்கு



போன மாசம் ஒரு சனிக்கிழமை ஒரு பொண்ணு ஆபீசுக்கு வந்திருந்தாங்க. ஊர் ஸ்ரீரங்கம், வேலை சென்னையில. கைக்கு வர்ற சம்பளம் 46,000. ரிட்டர்ன் விஷயமா வந்தவங்க, கிளம்பும்போது கேட்டாங்க: "சார், தம்பியோட நீட் கோச்சிங்குக்கு பெர்சனல் லோன் எடுக்கப் போறேன். வட்டியை 80ஈல கழிச்சுக்கலாம்ல?"

அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தி எழுதுறேன். தம்பி ஒரு தடவை நீட் எழுதி மார்க் பத்தலை. இப்போ சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கல்லூரியில பி.எஸ்சி. விலங்கியல் முதல் வருஷம். அதை விட்டுட்டு ஒரு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி கோச்சிங் போகணும்ங்கிறான். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 2 லட்சத்தைத் தாண்டுது. அப்பா ரிட்டயர்டு. ஆக, அக்கா தலையில.

முதல்ல வரி. 80ஈ என்று நாம பழகின அந்தச் சலுகை உங்க படிப்பு, கணவன் அல்லது மனைவி படிப்பு, உங்க பிள்ளைங்க படிப்புக்குத்தான். நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கும் உண்டு. தம்பி, தங்கச்சி அந்தப் பட்டியல்லயே இல்லை. பெர்சனல் லோனுக்கும் கிடையாது. புது வரி முறையில இருந்தா இந்தக் கழிவே இல்லை. டியூஷன் ஃபீஸை 80சியில காட்டலாமான்னும் கேட்டாங்க. அதுவும் சொந்தப் பிள்ளைங்க ரெண்டு பேர் வரைக்கும்தான். கோச்சிங் கட்டணம் அதுல சேராது.

ஒரே ஒரு நல்ல செய்தி இருக்கு. கூடப் பிறந்தவங்களுக்குப் பணம் கொடுத்தா அவங்களுக்கு வரி இல்லை. 18 வயசு முடிஞ்ச தம்பி பேர்ல எஃப்டி போட்டா, அந்த வட்டி அவன் வருமானம்தான், உங்க வருமானத்தோட சேராது. மனைவி பேர்ல போட்டா சேரும். தம்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கோச்சிங் செலவைத்தான் எல்லாரும் கணக்குப் போடுறாங்க. சீட் கிடைச்சா என்ன செலவுன்னு யாரும் போடுறதில்லை. நான் அவங்ககிட்ட கேட்டேன்: "எந்த சீட்டுக்கும்மா உங்களால பணம் கட்ட முடியும்?" பதில் வரலை.

திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி இடம்னா வருஷக் கட்டணம் 20 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். தனியார் கல்லூரியில அரசு ஒதுக்கீடுன்னா நாலரை லட்சம் வாக்குல. நிர்வாக ஒதுக்கீடுன்னா 13 லட்சத்துக்கு மேல. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலதுல 20 லட்சத்தையும் தாண்டும். இதெல்லாம் ஒரு வருஷத்துக்கு!

சரி, நடுவுல இருக்கிற தனியார் கல்லூரி, அரசு ஒதுக்கீட்டையே எடுத்துக்குவோம். வருஷம் 4 லட்சம் வீதம் 5 வருஷம் கல்விக்கடன், 10 சதவீத வட்டி. எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் பயிற்சி. முடிஞ்சு இன்னும் ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை ஆரம்பிக்கும். அதுவரைக்கும் தனி வட்டியா சேர்றதே 9 லட்சம். 20 லட்சம் கடன் 29 லட்சமா நிக்கும். பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 38,000க்கு மேல. அப்போ தம்பி முதுநிலைப் படிப்புக்குத் தயாராகிட்டு இருப்பான். இஎம்ஐ யார் கட்டுவாங்கன்னு நான் சொல்ல வேண்டாம்.

இன்னொண்ணு. பொதுவா ஏழரை லட்சத்துக்கு மேல போனா வங்கி அடமானம் கேட்கும். ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு அடிமனைப் பிரச்சினை தெரியும். கோயில் நிலம்னு வழக்குல சிக்கியிருக்கிற மனைப் பத்திரத்தை வங்கி லேசுல எடுத்துக்காது. வீடு இருக்குங்கிற தைரியத்துல கடைசி நேரத்துல போய் நிக்காதீங்க, பத்திரத்தை இப்பவே வங்கியில காட்டிக் கேளுங்க. 2024 நவம்பர்ல வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துல அடமானம் இல்லாத கடன் உண்டு. ஆனா பட்டியல்ல இருக்கிற கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்துட்டு அவங்க சொன்னாங்க: "அப்போ சார், எங்களுக்கு அரசு கல்லூரி மட்டும்தான்." அதைத் தெளிவாச் சொன்னதுக்கே அவங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. கஷ்டமான வாக்கியம் அது. ஆனா அது தெரிஞ்சாத்தான் எத்தனை மார்க் வேணும்னு தெரியும். நீட் மொத்தம் 720. 2025ல பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. "தம்பி நீட் பாஸ் ஆயிட்டான்"னு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வைக்கிறது இந்த 144க்குத்தான். அரசு இடத்துக்கு வேண்டிய மார்க் அதைவிட எங்கேயோ மேல. போன வருஷம் உங்க பிரிவுல கடைசி அரசு இடம் எத்தனை மார்க்ல முடிஞ்சதுன்னு பாருங்க. அதுக்கும் தம்பி வாங்கின மார்க்குக்கும் 60 வித்தியாசமா, 250 வித்தியாசமா? கோச்சிங்குக்குப் பணம் கட்டலாமா வேண்டாமான்னு அந்த எண் சொல்லிடும்.

அரசுப் பள்ளியில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்சிருந்தா கதையே வேற. 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. தனியார் கல்லூரியில இடம் கிடைச்சாலும் கட்டணத்தை அரசே கட்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதுல சேராது. இதுல நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. முதல் பட்டதாரி சலுகை கேட்கலாம்னு நினைச்சா, நீங்க ஏற்கெனவே டிகிரி முடிச்சாச்சே! அது தம்பிக்குக் கிடைக்காது.

பல் மருத்துவம் பத்தியும் வீட்டுல பேசுங்க. 2023 நவம்பர்ல புதுக்கோட்டையில அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்க, திருச்சியில இருந்து ஒன்றரை மணி நேரம். "பி.டி.எஸ். வேண்டாம்"னு சொல்றது தம்பியா, இல்ல சொந்தக்காரங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க.

சரி, டிகிரியை விடணுமா? என் கருத்து, விடக் கூடாது. நீட்டுக்கு மேல் வயசு வரம்பை 2022ல எடுத்துட்டாங்க. ரெண்டாவது, மூணாவது வருஷத்துலயும் எழுதலாம். நடைமுறைச் சிக்கல் இருக்கு, மறைக்கலை. நீட் மே மாசத்துல வரும், செமஸ்டர் தேர்வும் அதை ஒட்டியே வரும். வருகைப் பதிவு 75 சதவீதம் வேணும். விலங்கியல் படிக்கிறது நீட்டுக்கு உதவும்னும் நம்பாதீங்க. கேள்வி பிளஸ் டூ பாடத்துல இருந்து, அதுல பாதி மார்க் இயற்பியலும் வேதியியலும். பையன் திணறுவான். ஆனா ரெண்டாவது தடவையும் வரலைன்னா, டிகிரி கையில இருக்கிறவனும் இல்லாதவனும் ஒரே நிலைமையில இருக்க மாட்டாங்க.

அவங்க கடைசியா எடுத்த முடிவு: லோன் இல்லை. தம்பி கல்லூரியைத் தொடர்றான். சனி, ஞாயிறு தில்லைநகர்ல வகுப்பு, மத்த நாள் ஆன்லைன் மாதிரித் தேர்வு. மொத்தச் செலவுக்கு 70,000ன்னு ஒரு கோடு. அதுவும் மூணு தவணையா. இதுல நான் பிடிவாதமா இருந்தேன். பாதியில விலகினா மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாள்ல திருப்பித் தரணும்னு மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில சொல்லியிருக்கு. ஆனா அது வழிகாட்டுதல்தான். மொத்தமாக் கட்டிட்டுத் துரத்துறதைவிட, கட்டாம வெச்சிருக்கிற பணம் பத்திரம்.

தம்பிகிட்ட இதை யார் சொல்றதுன்னு அம்மாவுக்கும் அவங்களுக்கும் ரெண்டு நாள் பேச்சாம். அக்காவே சொன்னாங்க. அவன் ஒரு வாரம் பேசலை. அப்புறம் அவனே ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்திருக்கான், ரெண்டு தடவை, அதுக்கு மேல கேட்க மாட்டேன்னு.

சீட் கிடைச்சுடுச்சுன்னா ஒரு வேலை பாக்கி இருக்கும். கல்லூரி உங்க ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யுஜிசி விதியே இருக்கு. கட்டின ஃபீஸையும் குறிப்பிட்ட தேதிக்குள்ள விலகினா திருப்பித் தரணும், 2024-25ல முழுப் பணத்துக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. அந்தந்த வருஷச் சுற்றறிக்கையைப் பார்த்துக்குங்க. ஆனா மருத்துவக் கல்லூரி ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த பிறகுதான் டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்கணும். அதுக்கு ஒரு நாள் முன்னாடி கூட வேண்டாம்.