தலைமையாசிரியை பொறுப்பும் இரவு எட்டு மணிக் கூட்டமும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் ஆசிரியைகளே அதிகம் கண்ணில் படுவார்கள். ஆனால், தலைமையாசிரியர் பொறுப்புக்கு மனு செய்யச் சொன்னால், தகுதியிருந்தும் தயங்குபவர்கள் உண்டு. திறமைக் குறைவு அதற்குக் காரணமல்ல. அந்த வேலை பள்ளி மணியோடு முடிவதில்லை.

பல கதவுகள்

நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பகுதி அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தரும். நிலமோ தோட்ட நிர்வாகத்துக்கு அல்லது வேறு தரப்புக்குச் சொந்தமாக இருக்கும். கூரை ஒழுகினால் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினால் மட்டும் போதாது. பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தோட்ட நிர்வாகம், சட்டமன்ற உறுப்பினர் சேவை மையம் என்று பல கதவுகளைத் தட்ட வேண்டும். வாரியத்தினரும் சங்கத்தினரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், கூட்டம் பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். அதே நேரத்தில்தான் வீட்டில் பிள்ளைகளின் பாடமும் சமையலும் காத்திருக்கும்.

பழைய பழக்கம்

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அக்காலப் பள்ளிகளில் கங்காணியோ கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ பாடம் நடத்தினார். கோயில் கமிட்டியிலும் அவரே முன்னால் நின்றார். தோட்டத்து வாத்தியார் என்றால் ஆண் என்ற எண்ணம் இப்படி வேரூன்றியது. கட்டடப் பணி, குத்தகை, பணம் பற்றிய பேச்சில் தலைமையாசிரியை இருக்கும்போதே கேள்வி துணைத் தலைமையாசிரியரிடம் போவது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

சிறிய பள்ளி, பெரிய சுமை

150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படும். செம்பனைக்கு நடுவே நிற்கும் பல பள்ளிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், முதலாம் ஆண்டுப் பதிவுக்காகத் தலைமையாசிரியையே வீடு வீடாகச் செல்ல நேர்கிறது. ஒரு குடும்பம் மனம் மாறினாலும் வகுப்பின் எண்ணிக்கையில் தெரியும்.

பதவி உயர்வுக்கான வழியும் எளிதல்ல. பள்ளித் தலைவர்களுக்கான என்.பி.கியூ.இ.எல். பயிற்சியை அமினுடின் பாக்கி கழகம் நடத்துகிறது. முடித்தபின் கிடைக்கும் பள்ளி தொலைவில் இருந்தால், குடும்பத்தை விட்டுப் போவதா, வாய்ப்பை விடுவதா என்ற கேள்வி எழும். அரசாங்கத் துறையில் முடிவெடுக்கும் பதவிகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்ற கொள்கை 2004இல் அறிவிக்கப்பட்டது. ஆனால், வீட்டுப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ள எந்தக் கொள்கையும் உத்தரவிடாது.

சமாளிக்கும் வழிகள்

அனுபவமுள்ள தலைமையாசிரியைகள் சில நடைமுறைகளைக் கடைப்பிடிக்கிறார்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றி, தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் கடிதத்தில் போட்டுவிடுவது ஒன்று. பண விவகாரத்தை வாய்ப்பேச்சில் விடாமல், கூட்டக் குறிப்பில் எழுதிக் கையொப்பம் வாங்குவது மற்றொன்று. பின்னால் எழும் பேச்சுக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

நிர்வாகம், மாணவர் நலன், புறப்பாடம் ஆகியவற்றைத் துணைத் தலைமையாசிரியர்களிடம் உண்மையாகவே ஒப்படைப்பதும் சுமையைக் குறைக்கும். சிக்கல் வரும்போது மூத்த தலைமையாசிரியைகளைத் தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

பெற்றோர்களும் உதவலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது, இரவு எட்டு மணிதான் என்று முடிவு செய்வதற்கு முன் தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கூட்டத்துக்கு வர முடியாமல் வீட்டிலிருக்கும் மற்ற தாய்மார்களுக்கும் அது வழிவிடும்.