ஆற்றின் தலைக்கு மேலே ஒரு வாய்க்கால்

தீவு என்றால் அந்தமானின் ஸ்வராஜ் தீவைப்போல (பழைய பெயர் ஹேவ்லாக்) கடல் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆறு இரண்டாகப் பிரிந்தாலும் தீவுதான். ஆந்திரத்தின் கோனசீமாவில், கோதாவரியின் வசிஷ்டா, வைநதேயா கிளைகளுக்கு நடுவே கிடக்கும் நகரம் என்ற தீவு அப்படிப்பட்டது. பக்கத்திலேயே ஆறு ஓடினாலும், மட்டம் தாழ்ந்துவிட்டால் வயலுக்குத் தண்ணீர் ஏறாது.

இதற்கு வழி கண்ட பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் பாடம் படித்தது நம் காவிரியில். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடம் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1836-ல் முக்கொம்பில் மேலணை. 1847-ல் தொடங்கி 1852-ல் முடிந்தது கோதாவரியின் தவளேஸ்வரம் அணை. அங்கிருந்து வந்த வாய்க்கால் வைநதேயாவைத் தாண்டியாக வேண்டும். அதற்காகக் கன்னவரத்தில் எழுந்ததுதான் தொட்டிப்பாலம். கட்டியவர் ஹெய்க் என்ற இளம் ராணுவப் பொறியாளர். 40 அடி அகலத்தில் 49 வளைவுகள். வளைவுகளை மட்டும் கூட்டினாலே 1,960 அடி! 1966-ல் கட்டிய நம் மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தால் மலைக்கவைக்கிறது, கன்னவரம் நீளத்தால்.

தொட்டியில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மேலும் ஒரு டன் எடை. வளைவு அந்த எடையை வாங்கி இரு பக்கத் தூண்களுக்கும் தள்ளிவிடுகிறது. கல்லும் செங்கல்லும் நசுக்குவதைத் தாங்கும், இழுத்தால்தான் விட்டுவிடும். வளைவில் இழுவைக்குப் பெரிதாக வேலையில்லை.

உண்மையான பகை எடையல்ல, கசிவு. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். மயிரிழை விரிசல் விழுந்தால், கரைந்த சுண்ணாம்பே மறுபடி படிந்து அதை மூடுவதும் உண்டு. ஆனால் ஓயாமல் கசிந்தால் காரை கரைந்து வெளியேறும். வளைவின் அடியில் வெள்ளை வெள்ளையாக வழிந்து உறைந்திருக்கும் கோடுகள் அதன் சாட்சி. அந்த ஈரத்தில் பறவை போட்ட ஓர் அரச விதை போதும், வேர் மூட்டுகளைப் பிளந்துவிடும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசுவது இன்னும் கெடுதல். சிமென்ட் இறுக்கமானது, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற விடாது, பழைய கல்லும் செங்கல்லும் உதிரத் தொடங்கும். சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

2000-ல் பக்கத்திலேயே புதிய தொட்டிப்பாலம் வந்தது. பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறிட்ட அந்த மண்ணின் டொக்கா சீதம்மாவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பழைய பாலத்துக்குத்தான் வேலை போய்விட்டது.

வேலை போனதைக் கைவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில், வில்லியம்ஸ்போர்ட் ஊரிலுள்ள கல் தொட்டிப்பாலத்தின் பக்கச் சுவர் 1920-ல் இடிந்து, படகு ஒன்று ஆற்றுக்குள் விழுந்தது. அதைச் சீரமைத்து 2019-ல் திரும்பத் தண்ணீர் விட்டார்கள், படகும் ஓடியது.

கன்னவரத்தில் அவ்வளவுகூட வேண்டாம். செடிகளை வேரோடு களைந்து, மூட்டுகளில் சுண்ணாம்புக் காரை நிரப்பி, மழைநீர் தேங்காமல் வடியச் செய்தால் போதும். ஆந்திர அரசு அந்தப் பழைய பாலத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்துப் பேண வேண்டும். கல்லணையின் பாடம் அதற்குள்ளும் இருக்கிறது. தமிழர்களும் சேர்ந்து கேட்கலாம்.