இடைச்செருகலும் மூலமும்: ஓர் இணைபாடகர் பாடல்

அமெரிக்க இணைபாடகர் பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் ஆகியோரின் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' என்னும் பாடலுக்கு இரு வடிவங்கள் உள. முன்னது 1964-இல் பதிவாயிற்று. மின்னிணைப்பு இல்லாத கித்தார் துணைநிற்க, கார்ஃபங்கலின் உயர்குரலும் சைமனின் தாழ்குரலும் நாட்டுப்பாடற் பாங்கில் இணைந்தொலிக்கும். அவ்விசைத்தட்டு விலைபோகவில்லை, இருவரும் பிரிந்தனர். சைமன் ஐரோப்பாவில் இருந்த காலை, 1965 ஜூனில் பதிவுப் பொறுப்பாளர் டாம் வில்சன் அவர்களை வினவாமலே மின்கித்தாரும் முழவும் அதன்மேற் சேர்த்தார். அவ்வடிவமே 1966 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது; பிரிந்தோர் மீண்டும் கூடினர்.

சுவடி ஆராய்வார் இத்தகைய சேர்க்கையை இடைச்செருகல் என விலக்குவர். அகச்சான்றும் உண்டு. முழவின்றிப் பாடிய குரல்களின் காலப்பிரமாணம் ஆங்காங்கே நெகிழ்கின்றது. பின்வந்த கருவிகள் அந்நெகிழ்வைத் தொடர இடர்ப்படுதல் கூர்ந்து கேட்பார் செவிக்குப் புலனாம். மூலம் செருகலுக்குள்ளிருந்தே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது எனலாம். ஆயினும், 1966-இல் வெளிவந்த தம் தொகுதியில் பாடியோரே அதனை ஏற்றனர். ஆசிரியர் ஏற்ற செருகலை விலக்கப் பதிப்பாசிரியனுக்கு உரிமை ஏது? இவ்வினாவிற்கு அவர்தம் மேடையே ஒருவாறு விடை தருகின்றது: 1967-இல் நியூயார்க் அரங்கில் அப்பாடலை அவர்கள் பாடியபோது உடனிசைத்தது ஒற்றைக் கித்தாரே.