விளக்குச் சிறிது, களஞ்சியம் பெரிது

மேகமற்ற இரவில் செம்மேட்டில் நின்று வானை நோக்குவோர் விண்மீன்களின் மிகுதியைக் கண்டு வியப்பர். கண்ணுக்குப் புலப்படும் ஒளியே வானத்தின் முழுச் செல்வம் என எண்ணுதல் இயல்பே. ஆயினும் சில குறு விண்மீன் மண்டலங்கள் அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன.

நமது பால்வீதியில் பதினாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. குறு மண்டலங்கள் பலவற்றிலோ சில இலட்சங்களோ சில கோடிகளோதாம் உண்டு. ஆனால் அவற்றுட் சிலவற்றில், விண்மீன்களாய்த் திரண்ட பொருளைவிடத் திரளாத ஹைட்ரஜன் வாயுவே மிகுதி. கொல்லிமலையில் ஒரு வீட்டின் குதிர் நிறையச் சாமை இருக்க, முற்றத்தில் ஓர் அகல் மட்டுமே எரிந்தால், இரவில் வழிச்செல்வோர் அதனை ஏழை வீடு என்றே கருதுவர் அன்றோ?

ஒளிராத வாயுவைக் காண்பது எங்ஙனம்? குளிர்ந்த ஹைட்ரஜன் அணு 21 செ.மீ. நீளமுள்ள வானொலி அலையை வெளியிடும். தனித்த ஓர் அணு அவ்வாறு செய்யச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். எனினும் அணுக்கள் எண்ணிறந்தன ஆதலின், அலை இடையறாது வந்துகொண்டிருக்கிறது. 1951 இல் இவ்வலை முதன்முதலாகப் பிடிக்கப்பட்டது.

நம் நாட்டில் இப்பணிக்கு உதவுவது, புனேக்கு வடக்கே கோடத் சிற்றூரில் உள்ள பெரும் வானொலித் தொலைநோக்கி. உதகையில் 1970 இல் மலைச்சரிவின் மீது வானொலித் தொலைநோக்கி எழுப்பிய கோவிந்த் சுவரூப் அவர்களே இதனையும் உருவாக்கினார். 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் சுமார் 25 கி.மீ. பரப்பில் நிற்கின்றன.

இதன் துணைகொண்டு ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர், ரஷ்ய அறிஞர் கரச்சென்ட்சேவ் ஆகியோர் என்.ஜி.சி. 3741 என்னும் குறு மண்டலத்தை ஆராய்ந்து 2005 இல் முடிவுகளை வெளியிட்டனர். சப்தரிஷி மண்டலத் திசையில், ஏறத்தாழ ஒரு கோடி ஒளியாண்டுத் தொலைவில் அது உள்ளது. விண்மீன்கள் புலப்படும் எல்லையைப் போல் எட்டு மடங்குக்கும் அப்பால் அதன் வாயு பரந்திருக்கக் கண்டனர். அவ்வாயு சுழலும் வேகமோ, விண்மீன்களும் வாயுவும் சேர்ந்த எடையைப் போல் பன்மடங்கு எடையுள்ள, கண்ணுக்குப் புலனாகாக் கரும்பொருள் அங்கே உண்டென்று காட்டிற்று. பின்னர் 2008 இல், இத்தகைய மங்கிய மண்டலங்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றின் ஆய்வு வெளிவந்தது.

வாயு இருந்தும் விண்மீன்கள் ஏன் மிகுதியாகப் பிறக்கவில்லை? வாயு குளிர்ந்து, நெருங்கி, அடர்ந்தாலன்றி விண்மீன் பிறவாது. குறு மண்டலங்களில் ஈர்ப்பு வலிமை குறைவு. வாயுவைக் குளிரச் செய்யும் தூசும் கனத்த தனிமங்களும் அரிது. ஆகவே வாயு பரவலாகவே தங்கிவிடுகிறது. தொடக்கக் காலப் பேரண்டத்தின் சிறு மண்டலங்களும் இத்தகைய நிலையிலேயே இருந்திருக்கக் கூடும் என்பதால், அறிஞர் இவற்றைக் கூர்ந்து நோக்குகின்றனர்.

லியோ பி என்னும் மண்டலம் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் வாயுவாகவே முதலில் அகப்பட்டது. அதன் விண்மீன்கள் பிறகுதான் இனங்காணப்பட்டன. இச்செய்தி 2013 இல் வெளியாயிற்று.

பங்குனி, சித்திரை முன்னிரவுகளில் சப்தரிஷி மண்டலத்தை உங்கள் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள். அதன் விண்மீன்களுக்கு இடையே இருண்டு தோன்றும் வெளியும் வெறுமையன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.